பாலத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள்

ஆல்டர்புரூக், வெர்மான்ட்
ஜனவரி 14

மாமா,

நேற்று ஃபோனில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "மீனா? ரெண்டு பவுண்டு இருக்கும், வெண்ணெய்ல வறுத்துட்டேன்" என்றீர்கள். அதற்கு மேல் கத்த எனக்குத் தெம்பில்லை. காது மெஷினை டப்பாவில் வைத்து மூடிவிட்டு ஃபோனை எடுக்கிற மனிதரிடம் கடிதத்தில் பேசுவதே மேல்.

விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்டம். ஊர்க்குழுவுக்கு மூன்றாவது தடவையாக நிற்கிறேன். எதிரே ட்வைட் ஃபாசெட். வேட்பாளரின் பின்னணியும் பொதுச்சேவையும் பற்றி ஊர் ஆண்டறிக்கையில் ஒரு பத்தி வர வேண்டும். அதை வேட்பாளரே எழுதக் கூடாது, முன்மொழிகிறவர்தான் எழுதி நேரே ஊர் எழுத்தர் வினிஃப்ரெட்டுக்கு அனுப்ப வேண்டும், அச்சாகி வரும்வரை வேட்பாளர் கண்ணில் படவே கூடாது. இந்த வழக்கத்தைக் கொண்டுவந்த புண்ணியவானை நான் தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

போன இரண்டு தடவையும் நீங்கள் கூட்டத்தில் எழுந்து நின்று பேசினீர்கள். அறிக்கையில் "நேரில் பேசப்படும்" என்று ஒரு வரியோடு போயிற்று. இந்தக் குளிர்காலம் நீங்கள் ஃப்ளோரிடாவில் வெயில் காய்கிறீர்கள், ஆகவே எழுதித்தான் ஆக வேண்டும். வேறு யாரையாவது கேட்டிருப்பேன். கேட்டிருந்தால் என் சாவு வரைக்கும் அதையே சொல்லிக்காட்டுவீர்கள்.

நான்கு வரி போதும். இந்த ஊரில் பிறந்தவள். கடலோரக் காவல்படையில் சமையல்காரியாக இருந்தவள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். ஊர்க்குழுவில் இரண்டு முறை இருந்திருக்கிறாள். முற்றுப்புள்ளி.

இது விளையாட்டில்லை மாமா. வெள்ளத்தில் ஷெட் ரோடு பாலம் போனதிலிருந்து அக்கரை ஜனங்கள் ஒரு பாட்டில் பாலுக்குக்கூட அடுத்த ஊரைச் சுற்றிக்கொண்டு வருகிறார்கள். மாநில அலுவலகத்தோடு நான் மல்லுக்கு நிற்கிறேன். ட்வைட் அக்கரையில் போய் "பாக்கலாம், கண்டிப்பா பாக்கலாம்" என்கிறான். இக்கரையில் கடையில் நின்று "நாலு வீட்டுக்கு எதுக்குய்யா பாலம்" என்கிறான். நான் தோற்றால் பாலத்துக்கான மனு என்னோடு சேர்ந்து வெளியே போகும்.

நான்கு வரி.

நொரீன்

*

பெலிகன் நிழல் டிரெய்லர் பூங்கா, ஃப்ளோரிடா
ஜனவரி 25

என் அருமை மருமகள் நொரீனுக்கு,

உன் கடிதம் வந்தபோது என் வாசற்படியில் ஒரு முதலை படுத்திருந்தது. படகு நீளம் இருக்கும். தபால்காரன் தெருக்கோடியிலேயே நின்றுவிட்டான். நான் செருப்புக்கூடப் போடாமல் இறங்கி, அதன் கண்ணைப் பார்த்து, என் தகப்பனார் சொல்லிக்கொடுத்த பிரெஞ்சில் நாலு வார்த்தை சொன்னேன். எழுந்து போய்விட்டது. பிரெஞ்சு பேசும் கியூபெக்கிலிருந்து வந்திருக்கும் என் பக்கத்து டிரெய்லர்காரனுக்கு என் பிரெஞ்சு புரிவதில்லை, முதலைக்குப் புரிகிறது. படித்தவர்கள் எல்லாம் இப்படித்தான்.

நான்கு வரி என்கிறாய். நான் என்ன தந்தியா அடிக்கிறேன்? ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம்தான் என்னை விட்டு நின்றதே தவிர, நான் நிற்கவில்லை. அன்றிலிருந்து கண்ணில் பட்டதையெல்லாம் வாசிக்கிறேன், உரமூட்டை உள்பட. சமையல்காரி, பஸ் ஓட்டுகிறாள், முற்றுப்புள்ளி. இதைப் படித்தால் எவன் ஓட்டுப் போடுவான்? இது வேட்பாளரைப் பற்றிய குறிப்பா, வேலை கேட்டு வந்தவளின் சீட்டா?

கவலையை விடு. எழுதி முடித்து வினிஃப்ரெட்டுக்குத் தபாலில் போட்டாகிவிட்டது. போடுவதற்கு முன் இங்கே குளத்தங்கரையில் உட்கார்ந்து சத்தமாக வாசித்துக் காட்டினேன். சீட்டு விளையாடிக்கொண்டிருந்த மூன்று விதவைகள் சீட்டைக் கீழே வைத்தார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தப் பொண்ணு எங்க ஊர்ல நின்னா நான் ரெண்டு ஓட்டுப் போடுவேன்" என்றாள். அப்படிப் போடலாமா என்று கேட்டேன். "இங்க போடலாம்" என்றாள்.

உனக்குத் தற்பெருமை பிடிக்காது என்று தெரியும், அதனால் நிறைய வெட்டினேன். நடந்ததை எழுதினேன். நடந்திருக்க வேண்டியதை எழுதினேன். நடக்கப்போவதை ஒரே ஒரு வரி எழுதினேன். மூன்றும் உண்மைக்கு நெருங்கிய சொந்தம்தான்.

முழங்கால் குறிப்பிடும்படி இல்லை. இங்கிருக்கும் டாக்டர் என் எலும்பின் படத்தைப் பார்த்துவிட்டு இப்படியோர் எலும்பை மருத்துவக் கல்லூரியில் வைக்க வேண்டும் என்றார்.

உன் மாமா,
லூசியன் குட்ரோ

*

ஆல்டர்புரூக்
பிப்ரவரி 17

மாமா,

ஆண்டறிக்கை வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. நான் அதைக் கடையில் வைத்துப் படித்தேன், ஏனென்றால் என் கையில் கொடுத்ததே கடைக்காரர்தான். கொடுத்துவிட்டு சல்யூட் அடித்தார்.

"நொரீன் கிட்ரெட்ஜ் தன் இளமையை அட்லாண்டிக் பெருங்கடலின் அடியில், நீர்மூழ்கிக் கப்பலில் தாய்நாட்டுக்கு அர்ப்பணித்தார்." மாமா, நான் கரையிலிருந்த சமையற்கட்டில் உருளைக்கிழங்கு உரித்தேன். கடலோரக் காவல்படைக்கு நீர்மூழ்கிக் கப்பலே கிடையாது.

"வெள்ளத்தன்று ஒரு கையில் கயிறும் மறு கையில் பாதிரியாரின் மனைவியுமாக நீந்தி, பதினேழு உயிர்களைக் கரை சேர்த்தார்." தண்ணீர் வருவதற்கு முன்னால் பஸ்ஸைக் கொண்டுபோய் ஆட்களை ஏற்றி வந்தேன். நனையக்கூட இல்லை. நம் பாதிரியாருக்குக் கல்யாணமே ஆகவில்லை. பாவம், ஒரு வாரமாக அவர் வீடு வீடாக விளக்கம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

"கொட்டும் பனியில், ஓடும் பனிவண்டியிலேயே பிரசவம் பார்த்தார்." குழந்தை ஆஸ்பத்திரியில் பிறந்தது. நான் அவர்கள் காருக்கு முன்னால் பனிவண்டியில் பனியைத் தள்ளிக்கொண்டு போனேன், அவ்வளவுதான். ஓடும் வண்டியில் பிரசவம் பார்த்தேனென்றால் வண்டியை ஓட்டியது யார்? அதையாவது யோசித்தீர்களா?

ட்வைட் தபால் நிலையத்தில் என்னைப் பார்த்து, தொப்பியைக் கழற்றி, "கேப்டன், தண்ணிக்குள்ள மூச்சு விடுறது எப்படின்னு நம்ம பிள்ளைங்களுக்கு ஒருநாள் வகுப்பு எடுங்களேன்" என்றான். வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது.

நீங்கள் கூட்டத்தில் எழுந்து நின்று பேசினால் ஊருக்கு ஒரு பழக்கம் உண்டு. லூசியன் பத்து என்றால் மூன்று என்று கழித்துக்கொள்வார்கள். அச்சில் வந்தால் கழிக்க யாருக்கும் தோன்றுவதில்லை. அட்டையில் ஊர் முத்திரை இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் நாய் உரிமக் கணக்கு. நாய்க் கணக்கு சரியென்றால் இதுவும் சரிதானே.

வினிஃப்ரெட்டிடம் போய்க் கத்தினேன். "வந்தத வந்தபடி அச்சடிக்கணும், ஒரு கமாகூட நான் தொடக் கூடாது. விதி" என்றாள். "படிச்சுப் பாத்தியா இல்லையா?" "படிச்சேன். பிரசவம் வரைக்கும் நம்பினேன்."

கடைசி வரியைப் பற்றி இப்போது எழுத என்னால் முடியவில்லை. எது என்று உங்களுக்குத் தெரியும். உடனே வினிஃப்ரெட்டுக்கு மறுப்பு எழுதி அனுப்புங்கள்.

நொரீன்

*

பெலிகன் நிழல்
பிப்ரவரி 22

நொரீனுக்கு,

ஒரு மனிதன் பனை உயரத்துக்கு உன்னைத் தூக்கி வைத்தால், கீழே பார்த்துத் தலைசுற்றுகிறது என்று அவனையே திட்டுகிறாய். நல்லது.

மறுப்பு எழுத என் கை வராது. ட்வைட்டின் பிரசுரத்தை இங்கே அனுப்பிவைத்திருக்கிறார்கள். வழவழப்பான தாள். படத்தில் அவன் பக்கத்தில் ஒரு நாய் உட்கார்ந்திருக்கிறது. அவனுக்கு நாய் கிடையாது என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அந்த நாய்க்கும் தெரியும். அதன் முகத்தைப் பார். இரவல் நாயோடு படம் எடுத்துக்கொண்டவனை ஊர் நம்புகிறது. நான் என் சொந்த மருமகளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதினால் குற்றமா?

கடலோரக் காவல்படைக்கு நீர்மூழ்கிக் கப்பல் இல்லை என்றால் அது அவர்களுடைய குறை. ஓடும் வண்டி விஷயம் நியாயமான கேள்விதான், ஒப்புக்கொள்கிறேன். தானாக ஓடியது என்று சொல். அந்த மேட்டிலிருந்து இறங்கும்போது எந்த வண்டியும் தானாகத்தான் ஓடும்.

கடைசி வரி என்று எதைச் சொல்கிறாய்? "இவரது இடைவிடாத முயற்சியால் ஷெட் ரோடு பாலத்துக்கு மாநிலம் கையெழுத்திட்டுவிட்டது, வரும் கோடையில் வண்டிகள் ஓடும்" என்பதா? அதில் என்ன? நீ முயற்சி செய்யவில்லையா? மாநிலத்துக்குக் கை இல்லையா? இன்று இல்லாவிட்டால் நாளை போடப்போகிறார்கள். நான் கொஞ்சம் சீக்கிரம் சொல்லிவிட்டேன். நல்ல சேதியைச் சீக்கிரம் சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்? ஒரு ஆளின் பெயரைச் சொல், பார்ப்போம்.

உன்னால் ராத்தூக்கம் போயிற்று. பகலில்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது.

லூசியன் மாமா

*

ஆல்டர்புரூக்
பிப்ரவரி 27

மாமா,

பெயர் கேட்டீர்கள். டெல்ஃபின் லாமூரோ.

அக்கரையில் முதல் வீடு. உங்களோடு மரம் வெட்டப்போன எமிலின் மனைவி. எமிலுக்கு நுரையீரல் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். ரோட்டில் ஐஸ் இருந்தால் சுற்றுவழியில் போக மட்டும் ஒரு மணி நேரம், ஆக்சிஜன் சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டு. இக்கரையில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு தரைத்தளப் போர்ஷன் அவர்களுக்காகப் பார்த்து வைத்திருந்தேன். இலையுதிர்காலத்திலிருந்து அலைந்து பிடித்தது. மார்ச்சில் குடிவருவதாக இருந்தார்கள்.

ஆண்டறிக்கை அவர்கள் கைக்குப் போன அன்றே டெல்ஃபின் போர்ஷன்காரரைக் கூப்பிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கோடையில்தான் பாலம் வருகிறதே, எமில் தன் சொந்தக் கட்டிலிலேயே இருக்கட்டும் என்று. அவர் அடுத்த நாளே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்.

அது தெரிந்ததும் பஸ்ஸை நிறுத்திவிட்டு என் வண்டியில் சுற்றிக்கொண்டு போனேன். அடுப்படியில் நிற்கவைத்துக் காபி கொடுத்தாள். சுவரில் அறிக்கையின் அந்தப் பக்கத்தை வெட்டி ஒட்டியிருந்தாள். எமில் கட்டிலிலிருந்து கையைத் தூக்கி, "பாலத்துக்காரி வந்துட்டா" என்றார். பேச அவருக்கு எவ்வளவு மூச்சு செலவாகிறது தெரியுமா?

"டெல்ஃபின், பாலம் வரல. யாரும் கையெழுத்துப் போடல. அத எங்க மாமா எழுதிட்டார்" என்றேன்.

"எழுதிட்டார்னா?"

"சும்மா எழுதிட்டார்."

அவள் என் கையிலிருந்த கோப்பையை வாங்கிக் கழுவித் தொட்டியில் கவிழ்த்தாள். அப்புறம் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வெளியே வந்ததும் அறைந்து சாத்தினாள்.

மறுநாள் எமிலுக்கு ஆஸ்பத்திரி முறை. போய் வாசலில் ஹாரன் அடித்தேன். ஏறினார்கள்.

நான் தோற்றால் அதற்குக் காரணம் உருளைக்கிழங்கு அல்ல.

நொரீன்

*

பெலிகன் நிழல்
மார்ச் 3

நொரீன்,

இது கூட்டத்துக்கு முன் உன் கைக்கு வராது. தெரிந்தேதான் எழுதுகிறேன்.

எமிலுக்கு இவ்வளவு முடியாமல் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. என் மேல் மரம் விழுந்தபோது கையால் தாங்கிப் பிடித்தவன் அவன். நிஜமாகவே பிடித்தான், இது என் கதையில்லை. வேண்டுமானால் அவனையே கேள்.

சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. அந்தப் போர்ஷன்காரருக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டேன். நான் ஆளுநரின் பால்ய நண்பன், போர்ஷனை உடனே லாமூரோ குடும்பத்துக்குத் திருப்பிக் கொடுக்காவிட்டால் விஷயம் மேலிடம் வரைக்கும் போகும் என்று. கையெழுத்துக்குக் கீழே கர்னல் என்று போட்டேன். அதற்கு அசைந்து கொடுப்பார் என்று தோன்றுகிறது.

டெல்ஃபினுக்கும் எழுத உட்கார்ந்தேன். முதல் வரி நன்றாக வந்தது. அப்புறம் வரவில்லை.

லூசியன்

*

ஆல்டர்புரூக்
மார்ச் 7

கர்னல் அவர்களுக்கு,

போர்ஷன்காரர் உங்கள் கடிதத்தைக் கடையில் ஒட்டிவைத்திருக்கிறார். இன்னும் ஒரே ஒரு மனிதருக்கு, ஒரே ஒரு கடிதம் எழுதினீர்களென்றால், நானே ஃப்ளோரிடாவுக்கு வந்து பேனாவைப் பிடுங்கிப் போடுவேன்.

கூட்டத்தைச் சொல்கிறேன். வேறு யாராவது எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

பள்ளிக்கூட ஜிம்மில் மடக்கு நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். உங்கள் அறிக்கையைப் படித்துவிட்டு, எப்போதும் வராதவர்களும் வந்திருந்தார்கள். சர்க்கஸ் வந்தால் வருகிற மாதிரி. என் பெயர் வாசித்ததுமே ட்வைட் எழுந்தான்.

"தலைவரே, ஒரு சின்ன சந்தேகம். அந்த நீர்மூழ்கிக் கப்பலோட பேர அம்மா சொன்னா நல்லாருக்கும்."

"கப்பலே இல்ல ட்வைட். சமையக்கட்டு. படகுல ஏறினாலே எனக்கு வாந்தி வரும்" என்றேன்.

"அப்போ அந்தப் பதினேழு பேரு?"

"பஸ்ல கூட்டிட்டு வந்தேன். டிக்கெட் கேக்கல."

சிரித்தார்கள். ஒவ்வொன்றாகக் கேட்டான். ஒவ்வொன்றாக இல்லை இல்லை என்றேன். பாதிரியார் நடுவில் எழுந்து, "எனக்கும் ரெண்டு நிமிஷம் குடுங்க" என்றார். தலைவர், "உங்க கல்யாண விஷயம் நிகழ்ச்சிநிரல்ல இல்ல, உக்காருங்க" என்றார். அதுவரைக்கும் எல்லாம் வேடிக்கையாகத்தான் போயிற்று. எனக்குக்கூட, இது அப்படியே முடிந்துவிடும் போலிருக்கிறதே என்று ஒரு நப்பாசை.

அப்போது ட்வைட் குரலைத் தாழ்த்தி, "பாலம்?" என்றான்.

"பாலம் வரல. இந்தக் கோடையில இல்ல. எப்போன்னு எனக்குத் தெரியாது" என்றேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "ஆறு வருஷமா அப்புறம் என்னத்தக் கிழிச்ச?" அக்கரைக்காரர் ஒருவர். மாநில அலுவலகத்துக்கு எத்தனை முறை போனேன், என்னென்ன காகிதம் கேட்டார்கள் என்று சொல்லலாம். சொன்னால் அதுவும் உங்கள் கதை போலத்தான் கேட்கும். உட்கார்ந்துவிட்டேன்.

சாப்பாட்டுக்கு விட்டார்கள். மேப்பிள் பாகு ஊற்றிய பீன்ஸ், பன்றி வறுவல், ஆப்பிள் பை. என் மேசைக்கு யாரும் வரவில்லை. ட்வைட் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மேசை மேசையாகப் போனான்.

சாப்பிட்டு வந்ததும், ஓட்டுக்கு முன்னால், டெல்ஃபின் எழுந்தாள். எமிலை யாரிடமோ விட்டுவிட்டு, அந்தச் சுற்றுவழியில் தனியாக ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"ட்வைட், நீங்க எங்க வீட்டுக்கு வந்தீங்க. 'பாக்கலாம், கண்டிப்பா பாக்கலாம்'னீங்க. நான் ஆப்பிள் பை வெட்டிக் குடுத்தேன், சாப்ட்டீங்க. அதே வாரம் கடையில 'நாலு வீட்டுக்கு எதுக்குப் பாலம்'னீங்களாம். இவ வந்தா. 'பாலம் இல்ல'ன்னா. நான் கதவ மூஞ்சில அடிச்சேன். மறுநாள் காலையில வாசல்ல வந்து ஹாரன் அடிக்கிறா. எனக்கு இவமேல இன்னும் கோபந்தான். இவ குடும்பத்து மேல அதுக்கும் மேல. ஆனா எங்களுக்குக் கெட்ட சேதி சொல்றதுக்காவது அம்புட்டு தூரம் சுத்திக்கிட்டு வர ஒரு ஆளு வேணும்ல? என் ஓட்டு இவளுக்கு."

என்னைப் பார்க்கக்கூட இல்லை. உட்கார்ந்து பின்னலை எடுத்துக்கொண்டாள்.

சீட்டில் எழுதிப் போட்டார்கள். எத்தனை ஓட்டு வித்தியாசம் என்று சொல்லமாட்டேன், நீங்கள் அதை இரட்டிப்பாக்குவீர்கள். ஜெயித்தேன். மூச்சை விட்டால் பறந்துவிடுகிற மாதிரி ஒரு வெற்றி.

கூட்டம் அதோடு முடியவில்லை. சில்லறைப் பதவிகள் இருக்கின்றன அல்லவா, வேலி பார்ப்பவர், விறகு அளப்பவர் என்று. யாரும் ஏற்க மாட்டார்கள். வராதவன் தலையில் கட்டுவதுதான் நம் ஊர் முறை, நீங்களே எத்தனை பேர் தலையில் கட்டியிருக்கிறீர்கள். பாலக் காவலர் என்று தலைவர் வாசித்ததும் டெல்ஃபின் பின்னலை மடியில் வைத்தாள்.

"லூசியன் குட்ரோ."

"பாலமே இல்லியேம்மா" என்றார் தலைவர்.

"இருக்குன்னு சொன்னது அவர்தான? அவரே வந்து பாத்துக்கட்டும்."

ஆதரிப்பவர்கள் என்று கேட்டதும் ஜிம்மின் கூரை அதிர்ந்தது. எதிர்ப்பவர்கள் என்றதும் ஒரு இருமல்கூட இல்லை. நானும் ஆதரித்துத்தான் கத்தினேன்.

நொரீன்

*

பெலிகன் நிழல்
மார்ச் 13

ஊர்க்குழு உறுப்பினர் நொரீன் கிட்ரெட்ஜ் அவர்களுக்கு,

ஏகமனதாக. அந்த வார்த்தையை நான் மூன்று முறை படித்தேன். உன் கடிதத்தில் அது இல்லை, நான்தான் சேர்த்துப் படித்தேன். இந்த நாட்டின் முதல் குடியரசுத் தலைவருக்குப் பிறகு ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆள் நான்தான் என்று இங்கே ஒரு ஓய்வுபெற்ற வாத்தியாரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்தார்.

ஊர் என்னை மறக்கவில்லை என்பதில் மகிழ்ச்சி. நீ ஜெயித்தது பற்றியும் வாழ்த்து. என் எழுத்தின் பங்கு அதில் உண்டா இல்லையா என்று நான் சொல்லப்போவதில்லை, வரலாறு சொல்லும்.

ஆனால் முழங்காலை யோசிக்க வேண்டியிருக்கிறது. மருத்துவக் கல்லூரியில் வைக்க வேண்டிய எலும்பு. பனி உருகி ரோடெல்லாம் சேறாகும் காலத்தில் அதைக் கொண்டுவந்து ஷெட் ரோட்டில் புதைப்பது நாட்டுக்கே நஷ்டம். பதவியை இங்கிருந்தே தபால் மூலம் நடத்தலாம் என்று நினைக்கிறேன். நீ ஆற்றைப் பார்த்து எழுது, நான் யோசனை சொல்கிறேன்.

டெல்ஃபின் கோபமாகத்தான் சொன்னாளா? சிரித்துக்கொண்டா? நீ எழுதவில்லை.

லூசியன் குட்ரோ
பாலக் காவலர் (தேர்வானவர்)

*

ஆல்டர்புரூக்
மார்ச் 18

மாமா,

சிரிக்கவில்லை.

பழைய ஊர்ச்சட்டத்தை வினிஃப்ரெட் எடுத்து வாசித்துக் காட்டினாள். பாலக் காவலர் ஆற்றில் ஐஸ் உடைவதற்கு முன்பே அக்கரைக்குப் போய்த் தங்க வேண்டும். கோடை தொடங்கும்வரை அங்கேதான் இருக்க வேண்டும். ஆற்றில் தண்ணீர் ஏறினால் மணியடிக்க வேண்டும். டெல்ஃபின் தன் பின்கட்டு அறையைக் கொடுக்கிறாள். சட்டத்தில் இல்லாததை நான் சேர்த்திருக்கிறேன்: வாரம் மூன்று நாள் எமிலை ஆஸ்பத்திரிக்கு நீங்கள்தான் ஓட்டிக்கொண்டு வரவேண்டும். எனக்கு பஸ் இருக்கிறது. முதலையை எழுப்பிய முழங்காலால் கிளட்சை மிதிக்க முடியும்.

அக்கரை ஜனங்கள் காலையில் உங்களிடம் வந்து பாலம் எப்போது என்று கேட்பார்கள். பதிலை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

காது மெஷினைக் கொண்டுவாருங்கள். அது இல்லாமல் ஐஸ் உடைவது கேட்காது.

நொரீன்

*

அக்கரை
ஏப்ரல் 19

நொரீனுக்கு,

ஜன்னலிலிருந்து பார்த்தால் உன் பஸ் நிற்பது தெரிகிறது. கல்லெடுத்து வீசினால் உன் கூரையில் விழும், என் இளமையில் என்றால் புகைபோக்கிக்குள்ளேயே போட்டிருப்பேன். அப்படியும் இந்தக் கடிதம் அடுத்த ஊரைச் சுற்றிக்கொண்டுதான் உன் கைக்கு வரப்போகிறது.

ஐஸ் செவ்வாய்க்கிழமை உடைந்தது. பீரங்கி வெடித்தது போல் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பக்கத்தில் எமில் இருந்தான். அவனும் கேட்டான். கதவு சாத்துகிற சத்தம்தான் வந்தது. பெரிய கதவு. மணியை அடித்தேன். யாரும் ஓடிவரவில்லை, டெல்ஃபின் மட்டும் ஜன்னலைத் திறந்து, "கேட்டுச்சு, போதும்" என்றாள்.

அவள் என்னோடு பேசுவது இந்த அளவுதான். "சூப்பு இருக்கு." "பூட்ஸ வெளிய கழட்டுங்க." "அவருக்கு நேரமாச்சு, வண்டிய எடுங்க." முன்னைக்கு இது பரவாயில்லை என்கிறான் எமில். போன மாதம் வரைக்கும் என் பெயரைச் சொன்னால் பாத்திரத்தைப் போட்டு உடைத்தாளாம். எமில் கதையும் கட்டமாட்டான், மூச்சு போதாது.

வந்த முதல்நாள் காலையில் வாசலுக்கு வந்து நின்றார்கள், எல்லா வீட்டிலிருந்தும். "என்ன காவலரே, எப்போ பாலம்?" என்று கேட்டார்கள். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, ஜூன் என்றேன். அது தானாக வந்துவிட்டது, நான் தேடிப் போகவில்லை. சுவரைப் பார்த்தேன். அறிக்கைத் தாளைக் கிழித்த இடத்தில் பசை அப்படியே இருக்கிறது. எமில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்று சூப்பு இறங்கவில்லை.

மறுநாளிலிருந்து தெரியாது என்கிறேன். எழுபத்தாறு வயது வரை அந்த வார்த்தையை நான் உபயோகித்ததே இல்லை நொரீன். செருப்பு கடிக்கிற மாதிரி இருக்கிறது.

போன வியாழன் மாநிலத்திலிருந்து ஓர் எஞ்சினியர் வந்து, அளவுக் கருவியின் முக்காலியை நட்டு, ஆற்றைப் பார்த்துவிட்டு முக்காலியை எடுத்துக்கொண்டு போனான். எப்போது என்று கேட்டேன். "ஆய்வு நடக்குது சார்" என்றான். என்ன ஆய்வு? "அதுவும் ஆய்வுல இருக்கு சார்." நான் அவனை என்ன செய்தேன் என்று எழுத நன்றாக ஒரு கதை இருக்கிறது. ஒன்றும் செய்யவில்லை. அவன் காரின் பின்னாலேயே கொஞ்ச தூரம் நடந்தேன், முழங்கால் வலித்தது, திரும்பிவிட்டேன்.

நீ என்னதான் செய்துகொண்டிருக்கிறாய் அங்கே? மூன்றாவது தடவை ஜெயித்தவள், ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஓர் ஊரே காத்திருக்கிறது, உன்னிடமிருந்து ஒரு சேதி இல்லை. அந்த அலுவலகத்துக்குப் போ. போய் உட்கார். எழுந்திருக்காதே. ஊர் உன்னை எதற்குத் தேர்ந்தெடுத்தது?

காலையில் கேட்கிறார்கள். தெரியாது என்கிறேன். கேட்டுவிட்டுச் சும்மா போனாலும் பரவாயில்லை, எனக்குக் காபி ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை. எப்படியாவது அந்த அலுவலகத்திலிருந்து ஒரு தேதி வாங்கி அனுப்பு. பொய்த் தேதி வேண்டாம், அது என்னிடமே நிறைய இருக்கிறது.

லூசியன் குட்ரோ
பாலக் காவலர்